ஒரு ஆளுக்கு எத்தனை நாற்காலி?

பஸ் நிலையத்தில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பஸ் வந்து நிற்கிறது. ஒருவர் ஓடி வருகிறார். ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிறார். முன் சீட்டில் ஒரு துண்டு. பின் சீட்டில் ஒரு பை. பிறகு நிதானமாக ஏறுகிறார். இரண்டு இடத்தையும் பார்க்கிறார். எதில் காற்று வருகிறதோ, அதில் உட்காருகிறார்.

அதுவரை, கைக்குழந்தையோடு ஒரு தாய் நின்று கொண்டிருக்கிறாள்.

"இடம் இருக்குதா, ஐயா?" என்று அவள் கேட்டால், "ஆள் வருது, அம்மா!" என்று பதில் வரும்.

பஸ்சில் இப்படிச் செய்தால் நாலு பேர் சத்தம் போடுவார்கள். கண்டக்டர் வந்து துண்டை எடுக்கச் சொல்வார்.

நாட்டின் பெரிய நாற்காலிகளுக்கும் இப்படித் துண்டு போடுகிறவர்கள் உண்டு. அங்கே கண்டக்டர் யார்? சட்டம்தான்.

அந்தச் சட்டம் எங்கே கண்டிப்பாக இருக்கிறது? எங்கே கண்டும் காணாமல் இருக்கிறது? இதை ஒவ்வொரு வாக்காளரும் தெரிந்து கொள்ள வேண்டும். இது தலைவர்களின் சொந்த விவகாரம் அல்ல. உங்கள் ஓட்டு சம்பந்தப்பட்ட விவகாரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்முடைய அரசியல் சட்டம் 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்தது. அன்றே அது ஒரு கோடு போட்டு விட்டது.

ஒருவர் லோக்சபையிலும், டெல்லி மேல்-சபையிலும் ஒரே சமயத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது.

ஒருவர் எம்.பி.யாகவும் எம்.எல்.ஏ.வாகவும் இருக்கக் கூடாது.

ஒருவர் இரண்டு மாநிலங்களின் சட்டசபைகளில் உட்காரக் கூடாது.

ஜனாதிபதியாக இருப்பவர் எம்.பி.யாக இருக்கக் கூடாது. கவர்னரும் அப்படித்தான். அந்தப் பதவியை ஏற்றுக் கொண்ட உடனே அவருடைய பழைய இடம் தானாகக் காலியாகி விடும்.

எம்.எல்.ஏ.வாக இருக்கும் ஒருவர் எம்.பி. தேர்தலிலும் ஜெயித்து விட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவருக்கு 14 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எம்.பி. பதவி போய்விடும்!

ஒரே தேர்தலில் இரண்டு தொகுதிகளில் ஜெயித்தவருக்கும் 14 நாள்தான். அதற்குள் ஒன்றை விட வேண்டும். விடாமல் இரண்டையும் பிடித்துக் கொண்டிருந்தால், இரண்டுமே போய்விடும்.

எவ்வளவு நல்ல சட்டம், பாருங்கள்! "இரண்டும் எனக்கே" என்று நினைத்தால் ஒன்றும் இல்லை.

ஏன் இந்தக் கண்டிப்பு?

"கெட்டிக்காரர் ஒருவர் இரண்டு வேலையும் பார்த்தால் என்ன? நம் வீட்டுப் பெண்கள் ஒரு நாளில் பத்து வேலை பார்க்கவில்லையா?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதல் பதில்: நேரம். டெல்லியில் பாராளுமன்றம் கூடும் நாளில் சென்னையில் சட்டசபையும் கூடும். ஒரு மனிதர் எங்கே உட்காருவார்? இரண்டு தோணியில் கால் வைத்தவன் கரை சேருவானா?

இரண்டாவது பதில்தான் முக்கியம்: காவல்.

எம்.பி. யாருக்காக இருக்கிறார்? சர்க்காரைக் கேள்வி கேட்பதற்காக இருக்கிறார். "இந்தப் பணம் எங்கே போயிற்று? இந்த ரோடு ஏன் போடவில்லை?" என்று கேட்பது அவர் கடமை.

அந்த எம்.பி.க்கே சர்க்கார் ஒரு பதவி கொடுக்கிறது. கார் கொடுக்கிறது. பங்களா கொடுக்கிறது. மாதம் தவறாமல் பணம் கொடுக்கிறது. பிறகு அவர் வாய் திறப்பாரா?

ஊர்க் கோயில் உண்டியலை எண்ணுகிறவரும் அவரே, எண்ணியது சரிதானா என்று பார்க்கிறவரும் அவரே என்றால், ஊர் ஒப்புக் கொள்ளுமா? வேலியே பயிரை மேய்ந்தால் காப்பது யார்?

இங்கிலாந்து கற்ற பாடம்

இந்தப் பாடத்தை முதலில் கற்றவர்கள் இங்கிலாந்துக்காரர்கள்.

அந்தக் காலத்தில் அங்கே அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் ஓயாத சண்டை. அரசர் ஒரு தந்திரம் செய்வார். எதிர்த்துப் பேசும் உறுப்பினரைக் கூப்பிடுவார். அரண்மனையில் ஒரு பதவி கொடுப்பார். மறுநாள் முதல் அந்த உறுப்பினர் அரசர் பக்கம்!

இதைத் தடுக்க 1701-ம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். "அரசரிடம் ஆதாயம் தரும் பதவி வாங்கியவர் மக்கள் சபையில் இருக்கக் கூடாது" என்று அதில் எழுதினார்கள். அந்தச் சட்டம் பிறகு மாற்றப்பட்டது, திருத்தப்பட்டது. ஆனால் அந்தக் கருத்து நிலைத்து விட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் மக்கள் சபை உறுப்பினர் நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. விலக நினைப்பவர் என்ன செய்வார், தெரியுமா? "சில்டர்ன் ஹண்ட்ரெட்ஸ்" என்ற இடத்துக்குத் தன்னைக் காரியஸ்தராக நியமிக்கச் சொல்லிக் கேட்பார். அந்தப் பதவிக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. பேருக்கு ஒரு பதவி. அது கிடைத்த உடனே, "அரசர் பதவியை வாங்கி விட்டார்" என்று அவருடைய உறுப்பினர் பதவி போய்விடும். இன்றும் இந்த வழக்கம் இருக்கிறது.

அங்கிருந்துதான் நாமும் இந்தச் சட்டத்தை எடுத்துக் கொண்டோம். "ஆதாயம் தரும் பதவி" என்று இதற்குப் பெயர்.

அப்படியானால் மந்திரி?

இங்கே ஒரு சந்தேகம் வரும். "மந்திரிக்கும் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறதே! அவரும் எம்.எல்.ஏ.வாக இருக்கிறாரே! அது இரண்டு பதவி இல்லையா?"

இரண்டு பதவிதான். ஆனால் அதை நம் சட்டமே வேண்டும் என்று சொல்கிறது. மந்திரி சபைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் கேட்கும்போது எழுந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் அவர் சபையிலேயே ஓர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று விதி. உறுப்பினராக இல்லாத ஒருவர் மந்திரியானால், 6 மாதத்துக்குள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் மந்திரி பதவி போய்விடும்.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். அங்கே பாராளுமன்ற உறுப்பினர் மந்திரியாக வேண்டும் என்றால், உறுப்பினர் பதவியை விட்டுத்தான் வர வேண்டும்.

பிரான்சு நாட்டில் நகர மேயராக இருப்பவர்கள் எம்.பி.யாகவும் இருந்து வந்தார்கள். அது அங்கே வெகு காலத்து வழக்கம். 2014-ம் ஆண்டு சட்டம் செய்து அதை நிறுத்தினார்கள். 2017 முதல் அது அமலுக்கு வந்தது.

நாட்டுக்கு நாடு முறை வேறு. ஆனால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த இரண்டாவது பதவி மக்களுக்குப் பதில் சொல்ல உதவுகிறதா? அல்லது பதில் சொல்லாமல் தப்பிக்க உதவுகிறதா?

பதவி போன நடிகை

சட்டம் ஏட்டோடு நின்று விடவில்லை. பெரிய மனிதர்கள் மீதும் பாய்ந்திருக்கிறது.

ஜெயா பச்சன் பிரபல இந்தி நடிகை. நடிகர் அமிதாப் பச்சனின் மனைவி. அவர் டெல்லி மேல்-சபை உறுப்பினராக இருந்தார். 2004-ல் உத்தரப்பிரதேச சர்க்கார் அவரைத் திரைப்பட வளர்ச்சிக் கவுன்சிலுக்குத் தலைவராக நியமித்தது. அந்தப் பதவிக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். வேறு வசதிகளும் உண்டு.

புகார் கிளம்பியது. தேர்தல் கமிஷன் விசாரித்தது. 2006 மார்ச்சில் அவருடைய எம்.பி. பதவி பறிக்கப்பட்டது.

"நான் அந்தப் பணத்தை வாங்கவே இல்லை" என்பது அவர் வாதம். சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 2006 மே 8-ந் தேதி தீர்ப்பு வந்தது. "பணம் வாங்கினாரா, இல்லையா என்பது கேள்வி அல்ல. அந்தப் பதவி பணம் தரக்கூடிய பதவியா என்பதுதான் கேள்வி" என்ற கருத்தில் தீர்ப்பு அமைந்தது. பறித்தது பறித்ததுதான்.

அதே 2006 மார்ச்சில் சோனியா காந்தியும் சிக்கினார். அவர் ரேபரேலி எம்.பி. தேசிய ஆலோசனைக் கவுன்சிலுக்கும் தலைவர். எதிர்க்கட்சிகள் சத்தம் போட்டன. மார்ச் 23-ந் தேதி அவர் இரண்டு பதவிகளையும் ராஜினாமா செய்தார். மே மாதம் அதே ரேபரேலியில் மறுபடி நின்றார். ஜெயித்து வந்தார்.

பிறகு நடந்ததுதான் யோசிக்க வேண்டியது.

பல கட்சி எம்.பி.க்களிடம் இப்படிப்பட்ட பதவிகள் இருந்தன. எல்லோருக்கும் பயம் வந்து விட்டது. பாராளுமன்றம் அவசரமாக ஒரு மசோதாவை நிறைவேற்றியது. "இன்ன இன்ன பதவிகள் இருந்தால் தப்பு இல்லை" என்று ஒரு பட்டியல் போட்டது. முன்பே வாங்கிய பதவிகளுக்கும் அது மன்னிப்புக் கொடுத்தது.

அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. "மறுபடி யோசியுங்கள்" என்று மசோதாவைத் திருப்பி அனுப்பினார். பாராளுமன்றம் அதையே மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. இரண்டாவது தடவை வந்தால் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். 2006 ஆகஸ்டில் போட்டார்.

சட்டத்தை மீறியவர்கள்தான் சட்டத்தைத் திருத்தும் இடத்திலும் இருக்கிறார்கள். இதை மறந்து விடாதீர்கள். கட்டுரையின் கடைசியில் இது மறுபடி வரும்.

ஒரே ஒரு ஓட்டு

சட்டத்தில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? 1999-ல் நாடு பார்த்தது.

அப்போது வாஜ்பாய் பிரதம மந்திரி. அ.தி.மு.க. தன் ஆதரவை வாபஸ் வாங்கியது. ஏப்ரல் 17-ந் தேதி லோக்சபையில் நம்பிக்கை ஓட்டு.

கிரிதர் கமாங் என்பவர் ஒரிசாவின் கோராபுட் தொகுதி எம்.பி. ஆனால் அவர் பிப்ரவரி மாதமே ஒரிசாவுக்கு முதல்-மந்திரி ஆகி விட்டார். அவர் இன்னும் எம்.எல்.ஏ. ஆகவில்லை. எம்.பி. பதவியை ராஜினாமா செய்யவும் இல்லை.

முதல்-மந்திரி டெல்லிக்கு வந்தார். சபையில் உட்கார்ந்தார். "இவர் ஓட்டுப் போடலாமா?" என்று ஒரே கூச்சல்.

சட்டப்படி தடை ஏதும் இல்லை. எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் ஒருவராக இருக்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. எம்.பி.யும் முதல்-மந்திரியும் ஒருவராக 6 மாதம் இருந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை! சபாநாயகர் பாலயோகி, "அவருடைய மனச்சாட்சிக்கு விட்டு விடுகிறேன்" என்றார்.

கமாங் ஓட்டுப் போட்டார்.

முடிவு என்ன? சர்க்காருக்கு ஆதரவாக 269. எதிராக 270. ஒரே ஒரு ஓட்டில் மந்திரிசபை கவிழ்ந்தது. நாடு முழுவதும் மறுபடி பொதுத்தேர்தல் வந்தது.

கமாங் மட்டும்தான் காரணம் என்று சொல்வது நியாயம் ஆகாது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 270 பேர். அவர் செய்தது சட்ட விரோதமும் அல்ல. ஆனால் கேள்வி இருக்கிறது. அவர் அன்று யாருடைய ஆளாக ஓட்டுப் போட்டார்? கோராபுட் மக்களின் ஆளாகவா? ஒரிசா சர்க்காரின் தலைவராகவா?

இந்த ஓட்டை பிறகாவது அடைக்கப்பட்டதா? இல்லை. 2017 மார்ச்சில் யோகி ஆதித்யநாத் உத்தரப்பிரதேச முதல்-மந்திரி ஆனார். அப்போது அவர் கோரக்பூர் எம்.பி. செப்டம்பரில்தான் அந்த எம்.பி. பதவியை விட்டார். காங்கிரசுக்காரர் செய்ததைப் பாரதீய ஜனதாக்காரரும் செய்தார். ஓட்டைக்குக் கட்சி பேதம் இல்லை.

இரண்டு தொகுதி வியாபாரம்

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. ஒரே தேர்தலில் இரண்டு தொகுதிகளில் நிற்பது.

ஒரு காலத்தில் இதற்குக் கணக்கே கிடையாது. எத்தனை தொகுதியிலும் நிற்கலாம். 1957-ல் வாஜ்பாய் மூன்று தொகுதிகளில் நின்றார். பல்ராம்பூரில் மட்டும் ஜெயித்தார். 1985-ல் ஆந்திராவில் என்.டி.ராமராவ் மூன்று சட்டசபைத் தொகுதிகளில் நின்றார். மூன்றிலும் ஜெயித்தார். இந்துப்பூரை வைத்துக் கொண்டு மற்ற இரண்டையும் விட்டார்.

நம் ஊரிலும் உண்டு. 1991-ல் ஜெயலலிதா பர்கூரிலும் காங்கேயத்திலும் நின்றார். இரண்டிலும் ஜெயித்தார். பர்கூரை வைத்துக் கொண்டார். காங்கேயத்தை விட்டார்.

1996-ல் சட்டம் திருத்தப்பட்டது. இனி இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக் கூடாது என்று ஆயிற்று. ஆனால் இரண்டு வரை நிற்கலாம்!

2014-ல் நரேந்திர மோடி வாரணாசியிலும் வதோதராவிலும் ஜெயித்தார். வதோதராவை விட்டார். 2024-ல் ராகுல் காந்தி ரேபரேலியிலும் வயநாட்டிலும் ஜெயித்தார். வயநாட்டை விட்டார்.

விட்ட தொகுதியில் என்ன நடக்கும்? உபதேர்தல் நடக்கும். மறுபடி ஓட்டுச்சாவடி. மறுபடி போலீஸ் காவல். மறுபடி பள்ளிக்கூட ஆசிரியர்களுக்குத் தேர்தல் வேலை. மறுபடி ஒலிபெருக்கி. செலவு யாருடையது? சர்க்காருடையது. அதாவது உங்களுடையது. நீங்கள் வாங்கும் தீப்பெட்டியிலும் சோப்பிலும் கொடுத்த வரி.

தலைவர் இரண்டு துண்டு போட்டதற்கு மக்கள் டிக்கெட் வாங்குகிறார்கள்!

வயநாட்டுக்கு எம்.பி. இல்லாத நாள்

செலவைக் கூடப் பொறுத்துக் கொள்ளலாம். பொறுக்க முடியாத இன்னொன்று உண்டு.

வயநாடு நம் நீலகிரியை அடுத்த மலைநாடு. 2024 ஜூனில் அந்தத் தொகுதி எம்.பி. பதவி காலியாயிற்று. ஜூலை 30-ந் தேதி அதிகாலை. மக்கள் தூங்கிக் கொண்டிருந்தார்கள். மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்ணும் பாறையும் மூடின. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

அன்று வயநாட்டு மக்களுக்கு லோக்சபையில் எம்.பி. இல்லை.

ராகுல் காந்தியும் அவர் சகோதரி பிரியங்காவும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். ஆறுதல் சொன்னார்கள். மற்ற எம்.பி.க்களும் சபையில் பேசினார்கள். அதை மறைக்கக் கூடாது. எம்.பி. இருந்திருந்தால் மலை சரிந்திராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் வீடு இழந்தவன், "என் தொகுதி எம்.பி. எங்கே?" என்று கேட்க உரிமை உள்ளவன். மூன்று மாதத்துக்கு முன்புதான் அவன் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டான். அவனுக்கு மறுபடி எம்.பி. கிடைத்தது நவம்பரில். நவம்பர் 13-ந் தேதி நடந்த உபதேர்தலில் பிரியங்கா காந்தி ஜெயித்தார்.

காலியான இடத்தை 6 மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது சட்டம். அந்த 6 மாதத்தில் வெள்ளம் வரலாம். பஞ்சம் வரலாம். மலை சரியலாம். துன்பம் நாள் பார்த்தா வரும்?

எம்.எல்.ஏ. எம்.பி.க்கு நிற்கலாமா?

இதற்குப் பக்கத்து விவகாரம் ஒன்று. 2019-ல் நாங்குநேரி எம்.எல்.ஏ.வாக இருந்தவர் வசந்தகுமார். அவர் கன்னியாகுமரியில் எம்.பி. தேர்தலுக்கு நின்றார். மே மாதம் ஜெயித்தார். சட்டப்படி எம்.எல்.ஏ. பதவியை விட்டார். நாங்குநேரிக்கு அக்டோபர் 21-ந் தேதி உபதேர்தல் நடந்தது.

இதை இரண்டு தொகுதியில் நிற்பதோடு சேர்க்கக் கூடாது. மேலே போக ஆசைப்படுவது குற்றம் அல்ல. கட்சியும் ஒருவரை நிற்கச் சொல்லலாம். ஆனால் நாங்குநேரி மக்களும் சுமார் 5 மாதம் எம்.எல்.ஏ. இல்லாமல்தான் இருந்தார்கள். ஐந்து வருடத்துக்கு என்று ஓட்டு வாங்கியவர், நடுவில் கிளம்புவதற்கு முன் ஊர் மக்களை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தலைவருக்கு ஒரு நீதி

"தலைவர் தோற்று விட்டால் கட்சி என்ன ஆவது? பந்தோபஸ்துக்கு இன்னொரு தொகுதி வேண்டாமா?" என்று கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள்.

தலைவர் தோற்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? தோற்கடிக்கும் உரிமைக்குப் பெயர்தான் ஓட்டு. தோற்றவர் மக்களிடம் போகட்டும். உழைக்கட்டும். வேறு இடம் காலியானால் நிற்கட்டும். மந்திரியாக வேண்டியவருக்குத்தான் 6 மாத அவகாசம் இருக்கிறதே!

இப்போது உங்கள் நிலைமையைப் பாருங்கள்.

உங்கள் பெயர் இரண்டு தொகுதி வாக்காளர் பட்டியலில் இருக்கலாமா? கூடாது. பட்டியலில் பெயர் சேர்க்கத் தெரிந்தே பொய் சொன்னால் ஒரு வருடம் வரை ஜெயில் தண்டனை உண்டு.

பொதுத்தேர்தலில் நீங்கள் இரண்டு தொகுதிகளில் ஓட்டுப் போட்டால்? இரண்டு ஓட்டுமே செல்லாது.

மதுரையில் பிறந்து சென்னையில் கூலி வேலை பார்ப்பவர், "எனக்கு இரண்டு ஊரிலும் பாத்தியதை உண்டு. இரண்டு ஓட்டுக் கொடுங்கள்" என்றால் கொடுப்பார்களா? சிரிப்பார்கள்.

ஓட்டுப் போடுகிறவனுக்கு ஓர் ஊர். ஓட்டுக் கேட்கிறவருக்கு இரண்டு ஊர். இது என்ன நியாயம்?

மூன்று திருத்தங்கள்

இது நான் மட்டும் சொல்லும் யோசனை அல்ல. 2004-ல் தேர்தல் கமிஷனே சொன்னது: "ஒருவருக்கு ஒரு தொகுதி என்று சட்டம் செய்யுங்கள். முடியாது என்றால், இரண்டு இடத்தில் நிற்பவரிடம் பணம் கட்டச் சொல்லுங்கள். சட்டசபைக்கு 5 லட்சம் ரூபாய். லோக்சபைக்கு 10 லட்சம் ரூபாய்." 2015-ல் சட்டக் கமிஷனும் ஒருவருக்கு ஒரு தொகுதி என்றே சிபாரிசு செய்தது.

சுப்ரீம் கோர்ட்டுக்கும் வழக்குப் போயிற்று. 2023 பிப்ரவரி 2-ந் தேதி கோர்ட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது. "இது கொள்கை விஷயம். பாராளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும்" என்று சொல்லி விட்டது.

ஆகவே பாராளுமன்றம் மூன்று காரியம் செய்ய வேண்டும்.

முதலாவது: ஒரு தேர்தலில் ஒருவருக்கு ஒரு தொகுதிதான் என்று சட்டம் வேண்டும்.

இரண்டாவது: எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ வேறு பதவிக்குப் போவதற்காக இடத்தைக் காலி செய்தால், உபதேர்தல் செலவில் ஒரு பங்கை அவரை நிறுத்திய கட்சி கொடுக்க வேண்டும். சாவு, நோய் போன்ற காரணங்களுக்கு இது கூடாது.

மூன்றாவது: எம்.பி.யாக இருப்பவர் ஒரு மாநிலத்தில் முதல்-மந்திரியாகவோ மந்திரியாகவோ பதவிப் பிரமாணம் எடுத்தால், அன்றே அவருடைய எம்.பி. பதவி காலியாக வேண்டும். ஜனாதிபதிக்கும் கவர்னருக்கும் இருக்கும் விதி இவருக்கும் இருக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

"பாராளுமன்றம் செய்யுமா?" என்று கேட்பீர்கள். நான் முன்பே சொன்னேன். இந்தச் சட்டத்தால் ஆதாயம் அடைகிறவர்களே அதைத் திருத்தும் இடத்தில் இருக்கிறார்கள். பூனைக்கு மணி கட்டப் பூனையே வராது.

ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அவர்கள் உங்கள் வாசலுக்கு வருகிறார்கள். கும்பிடுகிறார்கள். "அம்மா! ஐயா!" என்கிறார்கள். அன்று ஒரு கேள்வி கேளுங்கள்.

"ஐயா, நீங்கள் இந்த ஒரு தொகுதியில்தான் நிற்கிறீர்களா? ஜெயித்தால் ஐந்து வருடமும் எங்களோடு இருப்பீர்களா?"

படித்தவர்கள்தான் கேட்க வேண்டும் என்பது இல்லை. இந்தக் கட்டுரையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் கேட்கலாம். படிக்கச் சொல்லிக் கேட்கிற பாட்டியும் கேட்கலாம். பத்து வீட்டில் இந்தக் கேள்வி கேட்டால் வேட்பாளர் யோசிப்பார். பத்து ஊரில் கேட்டால் கட்சி யோசிக்கும்.

பஸ்சில் நின்று கொண்டிருந்தாளே, கைக்குழந்தையோடு ஒரு தாய்! அவளும் டிக்கெட் வாங்கியவள்தான். "துண்டை எடுங்கள், ஐயா!" என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

உங்களுக்கும் உண்டு.